பேட்டரியை ஆட்டினால் வண்டி ஆட வேண்டும்

அன்பு மருமகனுக்கு,

நீ அனுப்பிய படங்களை எல்லாம் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜீப் நல்ல ஜீப்தான். மஹிந்திரா எம்எம் 540, பெஜோவின் 2.1 லிட்டர் டீசல் என்ஜின், முன்னும் பின்னும் பட்டைக் கம்பி ஸ்பிரிங், சேஸிஸில் பெரிய துரு இல்லை. ஏலத்தோட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான பழைய வண்டி கிடைப்பது கஷ்டம். போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, மெட்டைத் தாண்டி, தார் முடிகிற இடத்திலிருந்து கல்லுப் பாதையில் இறங்குகிற வேலைக்கு இது பிறந்த வண்டி.

நீ கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். "பாதையில் இறங்கும்போது பானெட்டுக்குள் டங்கு டங்கென்று சத்தம் வருது மாமா, பேட்டரிதான் ஆடுது, சைக்கிள் ட்யூபை இழுத்துக் கட்டிட்டேன், போதுமா?" என்று கேட்டிருந்தாய். போதாது. அதைச் சரி செய்கிற வரை பின்னால் ஆள் ஏற்றாதே. ஏன் என்று கேட்பாய், அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதி கேட்டுவிட்டு "சரி மாமா" என்று வைத்துவிடுவாய்.

படத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பேட்டரி ட்ரேயின் ஒரு பக்கத்தைத் துரு தின்றிருக்கிறது. இரண்டு கொக்கி போல்ட்டில் ஒன்றைக் காணோம். காணாத பக்கத்தில் யாரோ கட்டுக்கம்பியை முறுக்கிக் கட்டியிருக்கிறார். ட்ரேக்குப் பொருந்தாத சின்ன பேட்டரி என்பதால் இடைவெளியில் ஒரு மரக்கட்டையை அடித்து இறுக்கியிருக்கிறார் இன்னொருவர். அந்தக் கட்டை ஆசிட்டில் ஊறிக் கறுத்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே உன்னுடைய சைக்கிள் ட்யூப்.

இந்த ஒவ்வொன்றையும் கட்டியவர் "வீடு போய்ச் சேருகிற வரை தாங்கினால் போதும்" என்று நினைத்துத்தான் கட்டியிருப்பார். தாங்கியது. தாங்கியதால் மறந்துபோனது. பழைய வண்டி வாங்குகிறவன் இரும்பையும் என்ஜினையும் மட்டும் வாங்குவதில்லை, முன்பு அதை வைத்திருந்தவர்களின் அவசரங்களையும் சேர்த்துத்தான் வாங்குகிறான். அப்போதைக்குச் செய்த வேலை உடனே அறுந்துவிட்டால் ஆபத்தில்லை, மறுநாளே சரி செய்துவிடுவோம். அது அறாமல் நிற்பதுதான் ஆபத்து. உன் வண்டியில் இப்படி எத்தனை இருக்கும் என்று பிறகு பார்ப்போம். முதலில் பேட்டரி, ஏனென்றால் மற்றவை வண்டியை நிறுத்தும், இது வண்டியைக் கொளுத்தும்.

உன் டீசல் ஜீப்புக்குப் போடுகிற பேட்டரி ஏறத்தாழ இருபது கிலோ இருக்கும். சமதளத்தில் நிற்கும்போது அது தன் எடையிலேயே உட்கார்ந்திருக்கும், கட்டே வேண்டாம் போலத் தோன்றும். வண்டி முப்பது டிகிரி சாய்ந்தால் அந்த எடையில் சரிபாதி பக்கவாட்டில் இழுக்கும். சக்கரம் பள்ளத்தில் விழும்போது ட்ரே கீழே போகிற வேகத்துக்கு பேட்டரி போகாது, ஒரு கணம் மேலே நிற்கும். பிறகு ட்ரே மேலே எழும்பி வரும்போது இரண்டும் மோதும். அந்த மோதலின் உதை எடையைப்போல் மூன்று மடங்கு என்று வைத்துக்கொண்டால், அறுபது எழுபது கிலோ ஆள் ஒருவர் ட்ரேயின்மேல் ஏறி நின்ற மாதிரி. பட்டைக் கம்பி வண்டியில் கல்லுப் பாதையின் ஒவ்வொரு குலுக்கலும் அப்படியே மேலே வந்துசேரும். ஒரு தடவை இறங்கி ஏறினால் இது எத்தனை முறை நடக்கும் என்று நீயே யோசி. ஆகவே பேட்டரியை நான்கு பக்கமும் நகராமல் தடுத்தால் மட்டும் போதாது, மேலே எழும்பாமலும் அமுக்க வேண்டும். ட்யூப் இழுத்தால் நீளும் பொருள். நீளுகிற எதுவும் அமுக்கிப் பிடிக்காது.

ஆடினால் உள்ளே என்ன ஆகிறது என்பது முக்கியம். பன்னிரண்டு வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறைகள், ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல். ஒவ்வொரு அறையிலும் மெல்லிய ஈயச் சட்டங்கள் நெருக்கமாக நிற்கின்றன. அந்தச் சட்டங்களின்மேல் ஈயப் பசை அப்பியிருக்கும், பழைய கிராமத்து வீட்டில் மூங்கில் தட்டியின்மேல் மண் பூசிச் சுவர் எழுப்புவார்களே, அதே மாதிரி. மின்சாரம் சேர்ந்து நிற்பது அந்தப் பூச்சில்தான். வண்டி குலுங்கக் குலுங்கப் பூச்சு உதிரும். உதிர்ந்த அளவுக்கு பேட்டரியின் சக்தி குறையும். உதிர்ந்தது கீழே சேர்ந்து இரண்டு சட்டங்களைத் தொட்டுவிட்டால் அந்த அறை செத்துப்போகும். இன்னொன்று, சட்டங்களை மேலே ஒன்றாகச் சேர்க்கிற ஈயப் பட்டை குலுக்கலில் விரிசல் விடும். "நேற்று வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, இன்னிக்குக் காலையில செல்ப் ஒரு சுத்துகூடச் சுத்தலை" என்று என் பட்டறைக்கு வருகிற மலை வண்டிக்காரர்கள் கம்பெனியைத் திட்டுவார்கள். பானெட்டைத் திறந்து பேட்டரியைத் தொட்டுப் பார்த்தால் ஆடும். கம்பெனி என்ன செய்யும்?

விரிசல் விட்ட பட்டைக்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு. செல்ப் அடிக்கும்போது அந்த விரிசலில் பொறி பறக்கலாம். பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு ஹைட்ரஜன் சேர்ந்தாலே அது வெடிக்கக்கூடியது. பேட்டரி வெடித்தால் பிளாஸ்டிக் துண்டும் கந்தக அமிலமும் முகத்தில்தான் அடிக்கும், ஏனென்றால் அந்த நேரத்தில் பானெட்டைத் திறந்து குனிந்து பார்த்துக்கொண்டிருப்பது நீயாகத்தான் இருப்பாய்.

வெளியே நடப்பது இதைவிட மோசம். வண்டியின் உடம்பு முழுக்க நெகடிவ். பானெட்டும் உடம்புதான். ஜீப்பின் பானெட் தாழ்ந்தது, பாசிடிவ் டெர்மினலுக்கும் அதற்கும் இடையில் அதிக இடமில்லை. பேட்டரி ஒரு பக்கமாக எழும்பி, ரப்பர் மூடி இல்லாத பாசிடிவ் டெர்மினல் பானெட்டைத் தொட்டால் நேரே ஷார்ட். "பன்னிரண்டு வோல்ட்தானே மாமா, தொட்டாக்கூட அடிக்காதே" என்பாய். கையில் தொட்டால் அடிக்காது. இரும்பு தொட்டால் கதை வேறு. வெல்டிங் பட்டறையில் நூறு, நூற்றைம்பது ஆம்பியரில் இரும்பை உருக்குகிறார்கள். நன்றாக சார்ஜ் ஆன உன் பேட்டரி ஷார்ட் ஆனால் பல நூறு ஆம்பியர் பாயும், ஆயிரத்தையும் தாண்டலாம். அதோடு, பேட்டரியிலிருந்து செல்ப் மோட்டாருக்குப் போகிற தடித்த கேபிளுக்குப் பழைய வண்டிகளில் ஃப்யூஸ் கிடையாது. ஹாரனுக்கு ஃப்யூஸ் உண்டு, லைட்டுக்கு உண்டு, இருப்பதிலேயே ஆபத்தான வயருக்கு இல்லை. நடுவில் நின்று உன்னைக் காப்பாற்ற ஒன்றுமே இல்லை.

என்னிடம் வந்த ஒரு ஜீப்பின் பானெட்டை நிமிர்த்தியபோது உட்புறத்தில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு இரும்பு உருகிக் குழி விழுந்திருந்தது. அந்த டிரைவர் "என்னமோ கருகுற வாசனை வந்துச்சு, நின்னுடுச்சு" என்றார். அது தானாக நின்றதால் அவர் வந்து சொன்னார்.

டீசல் சுலபத்தில் பற்றாது என்கிற தைரியமும் வேண்டாம். முதலில் பற்றுவது டீசல் இல்லை. வயர் மேலுறை பற்றும், ரப்பர் ஹோஸ் பற்றும், என்ஜினில் வருஷக்கணக்காக ஒட்டிக்கிடக்கிற எண்ணெய்ப் பிசுக்கு பற்றும். பிறகு டீசல் ட்யூப் உருகும். உன் ஜீப்பில் பறிப்புக்காகப் பின்னால் எதிரெதிராக உட்கார்ந்து வருகிற பெண்களுக்கு இறங்க ஒரே வழி பின்பக்கம்தான். மடியில் தூக்குவாளியும் காலடியில் மருந்தடிக்கிற டப்பாவுமாக நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். அதை நினைத்துக்கொண்டு மேற்கொண்டு படி.

இனி வேலை. ஒரு நாள் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள். பழைய பருத்திச் சட்டை போட்டுக்கொள், ஆசிட் பட்டால் ஓட்டை விழும், அதற்காக அழக்கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். மோதிரத்தையும் கையில் போட்டிருக்கிற ஸ்டீல் காப்பையும் கழற்றி வை. காப்பு டெர்மினலுக்கும் உடம்புக்கும் நடுவில் மாட்டினால் பழுத்த இரும்பு மணிக்கட்டைச் சுற்றிக்கொள்ளும். பக்கத்தில் இரண்டு வாளி நல்ல தண்ணீர் இருக்கட்டும். ஆசிட் கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், பிறகு நேராக ஆஸ்பத்திரி. பீடி பிடிக்கிறவர்களை அந்தப் பக்கம் விடாதே.

கழற்றும்போது நெகடிவ் முதலில். மாட்டும்போது நெகடிவ் கடைசியில். இதை மனப்பாடம் செய்யாதே, காரணத்தைப் புரிந்துகொள், பிறகு மறக்காது. பாசிடிவை முதலில் கழற்றும்போது ஸ்பானரின் மறுமுனை தவறி உடம்பைத் தொட்டால் பாசிடிவும் நெகடிவும் சேர்ந்துவிடும். நெகடிவைக் கழற்றும்போது ஸ்பானர் உடம்பைத் தொட்டாலோ ஒன்றும் ஆகாது, இரண்டும் ஒன்றுதானே. நெகடிவைக் கழற்றி ஒதுக்கிவிட்டால் உடம்புக்கும் பேட்டரிக்கும் உறவே அறுந்துவிடும், அதன்பிறகு பாசிடிவில் இருக்கிற ஸ்பானர் உடம்பைத் தொட்டாலும் பயமில்லை. எது நெகடிவ் என்று வயரின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதே. உன் படத்தில் இரண்டு கேபிளுமே கறுப்பு, யாரோ கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள். பேட்டரியின் மேலுள்ள குறியைப் பார். டெர்மினல் குமிழில் தடித்தது பாசிடிவ், மெலிந்தது நெகடிவ். பார்த்ததும் பாசிடிவ் கேபிளுக்குச் சிவப்பு டேப் சுற்றிவிடு.

பேட்டரியை இரண்டு பேராகத் தூக்கு. கவிழ்க்காமல், கீழே கையைக் கொடுத்து. டெர்மினலைப் பிடித்துத் தூக்குவது இத்தனை நாள் அது பட்ட பாட்டை நீயும் தொடர்வது. ஆடுகிற பேட்டரி கேபிள்களில்தான் தொங்கிக்கொண்டிருக்கும், அதனால் குமிழைச் சுற்றியுள்ள சீல் விட்டுப்போய் ஆசிட் கசியும். உன் பாசிடிவ் குமிழில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பது அந்தக் கசிவால்தான் இருக்கும். குமிழைக் கையால் மெல்ல அசைத்துப் பார். அசைந்தால் அந்த பேட்டரியின் கதை முடிந்தது, கடையில் கொடுத்து எடைக்கு விலை கழித்துக்கொண்டு புதியது வாங்கு. பழையதை உடைத்து ஈயம் எடுக்கிறேன் என்று யாராவது வந்தால் கொடுக்காதே. அந்த ஆசிட் உன் ஓடைக்குத்தான் போகும்.

இப்போது ட்ரே. ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்று. நுரைக்கிற இடத்தில் எல்லாம் ஆசிட் இருக்கிறது. நுரை நிற்கிற வரை ஊற்று, பிறகு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவு. பேட்டரியின் மேற்புறத்தையும் அந்தச் சோடாத் தண்ணீரால் துடைக்கலாம், ஆனால் ஒரு சொட்டுகூட அறைகளுக்குள் போகக்கூடாது, உள்ளே இருக்கிற ஆசிட் கெட்டுவிடும். காய்ந்ததும் கம்பி பிரஷ் போட்டுத் துருவை எடு. ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார். ஓட்டை விழுந்தால் அந்த ட்ரேயைத் தூக்கி எறி. துருவின்மேல் பெயின்ட் அடித்து மறைப்பது வேலை இல்லை.

புது ட்ரேயை ஊரில் உள்ள எந்த வெல்டிங் பட்டறையிலும் அடித்துத் தருவார்கள். முதலில் என்ன பேட்டரி போடப் போகிறாய் என்று முடிவு செய். இந்த என்ஜினுக்கு ஹீட்டர் பிளக் உண்டு. விடியற்காலை குளிரில் ஹீட்டர் போட்டு, கெட்டியான ஆயிலோடு செல்ப் சுற்ற வேண்டும், குளிரில் பேட்டரியும் தன் முழு பலத்தைத் தராது. ஆகவே சின்ன பேட்டரி வேண்டாம், உன் வண்டிக்கு என்று கம்பெனி சொன்ன அளவையே வாங்கு. வாங்கிய பிறகு அதை அளந்து ட்ரே அடி. ட்ரேக்கு ஏற்ற பேட்டரி தேடினால் மறுபடியும் மரக்கட்டைதான் வரும்.

ஒன்றேகால் அங்குல ஆங்கிளில் சட்டம், அடியில் தகடு. நான்கு பக்கமும் விளிம்பு ஓர் அங்குலமாவது எழும்பி நிற்கட்டும். உள்ளளவு பேட்டரியைவிட ஒவ்வொரு பக்கமும் மூன்று நான்கு மில்லிமீட்டர் மட்டும் கூடுதல், அந்த இடைவெளியில் ரப்பர் ஷீட் வரும். அடித்தகட்டில் நான்கு மூலையிலும் ஓட்டை போடச் சொல், தண்ணீர் தேங்கக்கூடாது. அந்த ஓட்டைகளுக்கு நேர் கீழே பிரேக் பைப் போகிறதா என்று குனிந்து பார், ஆசிட் தண்ணீர் அதில் சொட்டினால் இன்னொரு விபத்துக்கு நாமே விதை போட்டதாகிவிடும். ட்ரேயை மட்கார்டின் மெல்லிய தகட்டில் மட்டும் பூட்டாதே. குலுக்கலில் தகடு ஓட்டையைச் சுற்றிக் கிழியும். கனமான பிராக்கெட்டில் பூட்டு, தகட்டில்தான் பூட்ட வேண்டும் என்றால் பின்னால் பெரிய வாஷர் கொடு. வண்டியிலேயே வெல்டிங் வைக்க வேண்டி வந்தால் பேட்டரி வெளியே இருக்கட்டும், ஆல்டர்னேட்டர் வயரையும் கழற்றிவிடு. பிரைமர் அடித்து, ஆசிட் தாங்குகிற பெயின்ட் இரண்டு கோட்டு. அடியில் விரிக்க ரப்பர் ஷீட் போதும். தெர்மாக்கோல், சாக்கு, பழைய மிதியடி எதுவும் வேண்டாம். சாக்கு ஆசிட்டைக் குடித்து வைத்துக்கொண்டு இரும்பைத் தின்னும். தெர்மாக்கோல் நசுங்கி நசுங்கிக் கட்டைத் தளர்த்தும்.

அமுக்கிப் பிடிக்க இரண்டு கொக்கி போல்ட், மேலே ஒரு குறுக்குச் சட்டம் அல்லது முழுச் சட்டம். எட்டு மில்லிமீட்டர் கம்பி போதும், பதிமூன்றாம் நம்பர் ஸ்பானர் பிடிக்கும். கொக்கி ட்ரேயின் ஓட்டையில் முழுக்க மாட்டியிருக்க வேண்டும், விளிம்பில் தொங்கக்கூடாது. குறுக்குச் சட்டம் இரும்பென்றால் அது டெர்மினலிலிருந்து தள்ளியே இருக்க வேண்டும், அதன்மேல் ரப்பர் ஹோஸைக் கீறி மாட்டிவிடு. பேட்டரியின் காற்றுத் துளைகளைச் சட்டம் மூடக்கூடாது. நைலான் வளையம் உள்ள நட் போடு, அது குலுக்கலில் தானாகக் கழலாது. இறுக்கும்போது பலத்தைக் காட்டாதே. சட்டம் பேட்டரியின்மேல் படிந்த பிறகு ஸ்பானரில் அரைச் சுற்று, முக்கால் சுற்று. பேட்டரியின் பெட்டி பிளாஸ்டிக், மேல்மூடி வளைகிற அளவுக்கு இறுக்கினால் அது விரியும். தளர்வில் கெட்டதைவிட இறுக்கத்தில் கெட்டது குறைவுதான், ஆனாலும் இரண்டும் உண்டு.

அடுத்து கேபிளில் கை வை. கேபிள் விறைப்பாக நிற்கக்கூடாது, சின்ன வளைவு விட்டு வரட்டும். இரும்பின் ஓரத்தில் உரசுகிற இடத்தில் எல்லாம் ரப்பர் வளையம் போடு. இத்தனை நாள் பேட்டரி ஆடியதில் மேலுறை தேய்ந்திருக்கும், விரலால் தடவிக்கொண்டே போ, கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். என்ஜின் ரப்பரின்மேல் உட்கார்ந்திருப்பதால் என்ஜினுக்கும் சேஸிஸுக்கும் இடையே தனி ஏர்த் பட்டை உண்டு, அதையும் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டு. டெர்மினல் கிளாம்பைச் சுத்தியால் அடித்து ஏற்றாதே, வாயைக் கொஞ்சம் விரித்து இறக்கு. பூட்டிய பிறகு வாசலின் பூசு. இரண்டு டெர்மினலுக்கும் ரப்பர் மூடி, பாசிடிவுக்குக் கட்டாயம். கையில் காசு இருந்தால் நெகடிவ் கேபிளில் ஒரு கட் ஆஃப் சுவிட்ச் போட்டுக்கொள். வண்டியை நிறுத்திவிட்டுப் போகும்போது அணைத்துவிடலாம். என்ஜின் ஓடும்போது அதைத் தொடாதே. உன் என்ஜின் பேட்டரி இல்லாமலும் ஓடும், பழைய டீசலின் பெருமை அது. ஆனால் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது பேட்டரி திடீரென்று விலகினால் ஆல்டர்னேட்டரின் வோல்ட்டேஜ் தாவி எகிறும், டயோடு போய்விடும். ஆடுகிற பேட்டரியில் டெர்மினல் கழன்றாலும் இதே கதைதான்.

இரண்டு சோதனை செய். முதலாவது பானெட். இரண்டு டெர்மினல் மூடியின்மேலும் சப்பாத்தி மாவை உருண்டையாக வைத்து பானெட்டை மூடித் திற. மாவு எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்த்தால் நடுவில் எவ்வளவு இடம் என்று தெரியும். ஒரு விரல் கனத்துக்குக் குறைந்தால் ட்ரேயை இறக்கு. இரண்டாவது, பேட்டரியை இரண்டு கையாலும் பிடித்து, முன்னும் பின்னும் இடமும் வலமும் மேலும் கீழும் ஆட்டு. பேட்டரி தனியாக ஆடக்கூடாது. நீ ஆட்டுகிற ஆட்டில் வண்டி பட்டைக் கம்பியில் அசைய வேண்டும். வண்டியும் பேட்டரியும் ஒன்றாகிவிட்டன என்பதற்கு அதுதான் அத்தாட்சி. புது ரப்பர் கொஞ்சம் அமுங்கும், ஆகவே முதல் வாரம் கல்லுப் பாதையில் ஓடிய பிறகு மறுபடியும் ஸ்பானர் போட்டுப் பார். அதன்பிறகு மாதம் ஒருமுறை, டிஸ்டில்ட் வாட்டர் பார்க்கிற அன்றைக்கே ஆட்டிப் பார்த்துவிடு. இதற்கெனத் தனி நாள் வைத்தால் வைக்க மாட்டாய்.

சரி, இவ்வளவும் செய்த பிறகும் ஒரு நாள் மழையில், பாதி வழியில், கொக்கி உடையலாம். இரும்புதானே. அப்போது என்ன செய்வாய்? அப்போது நீயும் அவசரத்துக்குத்தான் கட்டுவாய், கட்டத்தான் வேண்டும். சரக்குக் கட்டுகிற ராட்செட் பெல்ட் ஒன்று சீட்டுக்கடியில் வைத்துக்கொள். அது இல்லையென்றால் நைலான் கயிறு. கட்டுக்கம்பி மட்டும் கூடாது, அது மின்சாரத்துக்கு நீ போட்டுக்கொடுக்கிற பாலம். பாசிடிவ் டெர்மினலை ரப்பரால் மூடு, காற்றுத் துளையை விட்டுவிட்டு பெல்ட்டைக் குறுக்கே இறுக்கு, பக்க இடைவெளியில் ரப்பர்ச் செருப்பை அறுத்துச் செருகு. ஆட்களை இறக்கி நடக்கச் சொல், வண்டியை மெதுவாக ஓட்டு.

பிறகு ஒன்று செய். ஒரு சிவப்புத் துணியை ஸ்டீரிங்கில் கட்டு. மறுநாள் காலையில் வண்டி எடுக்கும்போது அது கையில் உரசும். "வீடு போய்ச் சேருகிற வரை" என்று கட்டியது வீடு வந்து சேர்ந்துவிட்டது என்று அது உனக்குச் சொல்லும். உனக்கு முன்னால் இந்த ஜீப்பை ஓட்டியவர்களுக்குக் கட்டத் தெரியாமல் இல்லை மாப்ளே. அந்தக் கட்டுக்கம்பியின் முறுக்கைப் பார்த்தேன், கைதேர்ந்த ஆள் வேலை. மறுநாள் அதை நினைவூட்ட ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். மறுநாளைக்கு வேறு வேலை வந்திருக்கும், பறிப்பு இருந்திருக்கும், கல்யாணம் இருந்திருக்கும். நல்ல வேலைக்காரனுக்கும் சாமர்த்தியசாலிக்கும் வித்தியாசம் அந்த மறுநாளில்தான் இருக்கிறது. வழியில் சமாளிப்பது சாமர்த்தியம். வீட்டுக்கு வந்ததும் சமாளித்ததைப் பிரித்துப் போட்டுவிட்டு முறையாகச் செய்வது வேலை.

உனக்கு வண்டியும் தோட்டமும் புதிது. "இப்படியே ஓட்டிட்டுத்தான் இருந்தாங்க, ஒண்ணும் ஆகலையே" என்று பத்துப் பேர் சொல்வார்கள். அது பொய்யில்லை, அவர்கள் ஓட்டிய வரைக்கும் ஒன்றும் ஆகவில்லைதான். அதை வைத்து நாளைக்கும் ஆகாது என்று கணக்குப் போடாதே. அவர்களோடு வாதாடாதே, டீ வாங்கிக் கொடுத்துவிட்டு உன் ஸ்பானரை எடு. பறிப்புக்கு வருகிற அம்மாக்கள் பானெட்டைத் திறந்து பார்க்க மாட்டார்கள், கூலி நியாயமா, வண்டி நேரத்துக்கு வருமா என்றுதான் கேட்பார்கள். மற்றதை எல்லாம் நீ பார்த்திருப்பாய் என்று நம்பித்தான் ஏறுகிறார்கள்.

பேட்டரி முடிந்ததும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வா. கயிறு, கட்டுக்கம்பி, மரக்கட்டை, எம்-சீல், இன்சுலேஷன் டேப், துணி முடிச்சு எங்கெங்கே இருக்கிறதோ எல்லாவற்றையும் எழுது. உன் படங்களிலேயே எனக்கு மூன்று தெரிகிறது: சைலன்சரைத் தாங்குகிற கம்பி, டீசல் டேங்க் மூடியில் துணி, பின்கதவுக் கொண்டியில் கயிறு. தீப்பிடிக்கக் கூடியவை முதலில், பிரேக்கும் ஸ்டீரிங்கும் அடுத்து, ஆட்கள் ஏறி இறங்குகிற இடம் அதற்கு அடுத்து, கண்ணுக்கு அழகு கடைசியில். பெயின்ட் அடிப்பதைப் பற்றி நீ கேட்டிருந்தாய், அது இந்த நோட்டின் கடைசிப் பக்கம். வாரத்துக்கு ஒன்று அடித்தால் அடுத்த மழைக்காலத்துக்குள் இந்த ஜீப்பில் உனக்குத் தெரியாத முடிச்சு ஒன்றும் இருக்காது.

ட்ரேக்கு அளவு எடுத்ததும் எனக்கு அனுப்பு, கொக்கி போல்ட் இரண்டும் நைலான் நட்டும் நான் வாங்கி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். அதுவரை ஆட்களை ஏற்ற வேறு வண்டியைப் பேசிக்கொள், வாடகை அதிகம் என்று அக்கா சத்தம் போட்டால் நான் சொன்னேன் என்று சொல். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ பேட்டரியைப் பிடித்து ஆட்டுகிற வீடியோ எனக்கு வர வேண்டும். அதில் வண்டி ஆடினால் திங்கட்கிழமை பறிப்புக்கு ஆள் ஏற்றிக்கொள்.

அன்புடன்,
மாமா